ஸ்டோர் அறையின் வெளித்தாழ்ப்பாள்

நான் எழுதப்போவது அத்தனையும் உண்மை. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. பத்துமலை முருகன் மேல் சத்தியம். அது போதாதென்றால், இன்ஸ்பெக்டர் திருச்செல்வம் தம்பி, நீங்கள் எனக்கு வாங்கி வைத்திருக்கும், பால் சேர்க்காத இந்தத் தே ஓ மேலும் சத்தியம். தே ஓவில் சீனி கொஞ்சம் கூடுதல். அதைச் சொல்லாமல் விட்டால் முதல் பத்தியிலேயே உண்மையை மறைத்தவன் ஆகிவிடுவேன்.

என் பெயர் சின்னையா. வயது எழுபத்து நான்கு. மலாயில் எழுதச் சொன்னீர்கள். மலாயில் நான் மீன் வாங்குவேன், லோரிக்காரனோடு சண்டை போடுவேன். குற்றத்தை ஒப்புக்கொண்டு பழக்கமில்லை. அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். மொழிபெயர்க்கிற வேலை உங்களுடையது.

கிள்ளானில் ஒரு பேருந்து நிறுவனத்தில் முப்பத்தோரு வருடம் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். அந்த நிறுவனம் இப்போது இல்லை. டிக்கெட் கிழிப்பது சின்ன வேலை. பஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பவர்களுக்குக் காரணம் சொல்வதுதான் என் முழுநேர வேலை. ஒருநாள் ஜெஞ்சாரோம் பஸ் இரண்டு மணி நேரம் வரவில்லை. செம்பனை லோரி கவிழ்ந்து சாலை முழுக்கப் பழம் உருண்டு கிடக்கிறது, தின்ன வந்த குரங்குகள் வழிவிட மறுக்கின்றன, கூட்டத்தில் மூத்த குரங்கு டிரைவரின் தொப்பியைப் பிடுங்கி வைத்துக்கொண்டிருக்கிறது, பேச்சுவார்த்தை நடக்கிறது என்று சொன்னேன். வரிசையில் நின்ற நாற்பது பேரில் ஒருவர்கூடப் பொய் என்று சொல்லவில்லை. ஒரு அம்மாள் மட்டும் தொப்பி என்ன நிறம் என்று கேட்டார். நீலம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்குத் தகுதி இல்லை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

மனைவி இறந்த பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஓர் உறவினர் வீட்டில் அறை ஒன்று கிடைத்தது. சும்மா உட்கார்ந்திருப்பது என் உடம்புக்கு ஆகாது. அப்போதுதான் தொழில் தொடங்கினேன். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கான மேம்பாட்டு வகுப்பு. இப்போது பிரிக்பீல்ட்ஸில் படியேறினால் அபாக்கஸ், படியிறங்கினால் ஃபோனிக்ஸ். பொய் சொல்லக் கற்றுக்கொடுக்க மட்டும் ஆளில்லை. அந்தக் குறையை நான் தீர்த்தேன்.

பூமாலைக் கடைக்கு மேலே, முதல் மாடியில், லோகேஸ்வரி டீச்சரின் மையம் இருப்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தானே சீல் வைத்தீர்கள். ஒரு வகுப்பறை, ஒரு கழிப்பறை, துடைப்பமும் பழைய பொம்மைகளும் போட்டு வைக்க ஒரு ஸ்டோர் அறை. வெளியே நீளமான நடைகூடம். அந்த நடைகூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதுதான் என் நிறுவனத்தின் தலைமையகம்.

லோகேஸ்வரி சுங்கை வேயில் ஒரு பாலர் பள்ளியில் ஆறு வருடம் உதவியாசிரியையாக இருந்தவள். சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று வெளியே வந்தாள். சுவருக்கு மஞ்சள் பெயிண்ட் அவளே அடித்தாள். மூடிப்போன ஒரு பள்ளியிலிருந்து மேசைகள் வாங்கினாள். அடியில் யாரோ பிள்ளைகள் பேர் கிறுக்கியிருந்ததை மூன்று நாள் உட்கார்ந்து தேய்த்தாள். முதல் மாதம் இரண்டே பிள்ளைகள். அந்த மாதம் முழுக்கக் காலை ரொட்டியை நின்றுகொண்டே சாப்பிட்டாள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். போட்டியாளரைக் கவனிப்பது வியாபாரத்தில் பாதி.

ஒரு வருடத்தில் பதினொரு பிள்ளைகள் ஆனார்கள். அதற்கு மேல் இடமில்லை என்று பெற்றோர்களைத் திருப்பி அனுப்பினாள். காரணம் அபாக்கஸ் இல்லை, ஃபோனிக்ஸும் இல்லை. அமைதி. மற்ற மையங்களில் படியேறும்போதே பாசார் மாலாம் இரவுச் சந்தை மாதிரி இரைச்சல் காதைப் பிளக்கும். இங்கே மேலே வந்தால் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்கும். பதினொரு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற அறையில் ஃபேன் சத்தம். பெற்றோர்கள் கோயிலுக்குள் வந்த மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்ப்பார்கள்.

மலர் என்ற பிள்ளையின் அம்மா அமுதவள்ளி ஒருநாள் வாசலில் நின்று கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"டீச்சர், வீட்ல இவ வாயே மூட மாட்டா லா. டிவி கூட இவகிட்ட தோத்துப் போயிடும். இங்க எப்படி இப்படி உக்காந்திருக்கா?"

"பழக்கம்தான் அக்கா. கொஞ்சம் ஸ்ட்ரிக்டா இருந்தா பிள்ளைங்க புரிஞ்சிக்குவாங்க."

"என்ன மந்திரம்னு எனக்கும் சொல்லிக் குடுங்க. எங்க வீட்டுக்காரருக்கும் போட்டுப் பார்க்கறேன்."

இருவரும் சிரித்தார்கள். மலர் சிரிக்கவில்லை. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதே என் மாணவி.

என் வகுப்பு எப்போது நடந்தது என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். வகுப்பு முடிந்து வேன் வருவதற்கு அரை மணி நேரம் ஆகும். பிள்ளைகள் நடைகூடத்தில் பையோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்த அரை மணி நேரம் எனக்குச் சொந்தம். பெயர்ப்பலகை கிடையாது, கட்டணம் கிடையாது, ரசீது கிடையாது.

முதல் பாடம் சத்தியம். வாயைத் திறக்கும் முன் சாமி பேரைச் சொல்லிவிட வேண்டும். அதோடு நிறுத்தினால் யாரும் நம்பமாட்டார்கள். கையோடு ஒரு சின்னக் குறையையும் சொல்ல வேண்டும். மைலோ ஆறிப்போச்சு, பென்சில் முனை உடைஞ்சிருச்சு, இப்படி ஏதாவது. இவ்வளவு சின்னதையே மறைக்காத பிள்ளை பெரியதை மறைக்குமா என்று கேட்பவர் அசந்துவிடுவார்.

பிள்ளைகள் என்னைவிட வேகம். ரிஷி என்று ஒருவன், முன்பல் இரண்டும் இல்லாதவன், ஒரு கால் ஷூவைத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். மயில் எடுத்துக்கொண்டு போய்விட்டது, முருகன் கோயிலில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். காலுறையில் ஓட்டை இருப்பதையும் முறையாக ஒப்புக்கொண்டிருக்கிறான். அந்த அம்மாள் மறுநாள் கோயிலுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். குருக்கள் உள்ளே போய்த் தேடிப் பார்த்து ஒரு ஷூவைக் கொண்டுவந்து கொடுத்தார். இடது கால். அளவும் சரியாக இருந்தது. ரிஷி இன்றும் அதைத்தான் போட்டுக்கொண்டு நடக்கிறான்.

நேற்று நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டீர்கள்.

"அங்கிள், பதினொரு வீட்லயும் விசாரிச்சாச்சு. உங்க கிளாஸ்னு ஒன்னு நடந்ததே யாருக்கும் தெரியல. பிள்ளைங்களுக்கே தெரியல. 'நாற்காலி தாத்தா ரேடியோ கேப்பாரு'ங்கறாங்க. அவ்ளோதான்."

"அதான் தம்பி ரெண்டாவது பாடம்" என்றேன். "எங்க படிச்சேன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"ஒரு பிள்ளைகூட வாய் தவறிச் சொல்லாதா?"

"நல்லாப் படிச்ச பிள்ளைங்க."

நீங்கள் பேனாவைச் சட்டைப் பையில் செருகினீர்கள். பிறகு, "எழுதுங்க அங்கிள். மனசுல இருக்கறத முழுசா எழுதிடுங்க" என்று சொல்லித் தாளைத் தந்தீர்கள். மரியாதையான பிள்ளை. உங்களைப் பெற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

சரி, குற்றத்துக்கு வருகிறேன். குற்றத்துக்குக் காரணம் ஒன்று வேண்டும், காரணம் இல்லாமல் கோப்பை மூட முடியாது என்பது எனக்குத் தெரியும். நான் அந்தத் தொழிலிலேயே இருந்தவன். காரணம் பொறாமை. அவளிடம் மஞ்சள் சுவர், வரிசையில் நிற்கும் பெற்றோர்கள். என்னிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவளை ஒழிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பொறாமை என்று கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருவர் சொல்லும் பொய்யை உடைத்துவிடலாம். பதினொரு பேர் சேர்ந்து சொன்னால் அது சாட்சி. ஆகவே பதினொரு பிள்ளைகளுக்கும் ஒரே கதையைச் சொல்லிக்கொடுத்தேன். சத்தம் போடுகிற பிள்ளையை டீச்சர் ஸ்டோர் அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார். உள்ளே விளக்குக் கிடையாது. மலாயில் ஒன்றிலிருந்து நூறு வரை எண்ண வேண்டும். எண்ணி முடித்தால் கதவு திறக்கும். நடுவில் அழுதால் மறுபடி ஒன்றிலிருந்து.

சொல்லிக்கொடுத்தேன் என்று சும்மா எழுதிவிட்டேன். அது எவ்வளவு நுணுக்கமான வேலை தெரியுமா. வாசனை இல்லாத பொய் நிற்காது. அதற்காகச் செரை என்கிற எலுமிச்சைப்புல் வாசனைத் தரைச் சோப்பைச் சேர்த்தேன். கதவுக்கு அடியில் கோடு மாதிரி வெளிச்சம் வரும், அதில் டீச்சரின் இரண்டு கால்களும் நிழலாகத் தெரியும் என்று சேர்த்தேன். நீங்கள் பிள்ளைகளைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து, பொம்மையும் வரைதாளும் கொடுத்து விசாரித்தீர்கள். வாயைத் திறந்த பத்துப் பிள்ளைகளும் அதே சோப்பு, அதே வெளிச்சக் கோடு, அதே இரண்டு கால். ஐந்து வயதுப் பிள்ளைகள் காலையில் என்ன தின்றோம் என்பதையே ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள். உண்மையாக இருந்தால் இவ்வளவு ஒத்துப்போகுமா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ரிஷி மட்டும் கூடுதலாக ஒன்று சொன்னானாம். கதவுக்கு அந்தப் பக்கம் டீச்சர் அழுகிற சத்தம் கேட்கும் என்றானாம். அது என் பாடத்தில் இல்லை. பிள்ளை தானாகச் சேர்த்துக்கொண்டது. ஏன் சேர்த்தான் என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்டோர் அறைக் கதவின் உள்பக்கத்தில் கீறல்கள் இருப்பதாகப் படம் எடுத்துக் காட்டினீர்கள். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குள் எல்லாம். அவை என் வேலை. இருபது காசு நாணயத்தை வைத்துக்கொண்டு, மண்டியிட்டு, ஒவ்வொன்றாகக் கீறினேன். பிள்ளையின் கை உயரத்துக்கு இருந்தால்தானே நம்புவீர்கள். என் முழங்கால் இன்னும் வலிக்கிறது. வேண்டுமானால் டாக்டரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வலது முழங்கால்.

இனி அந்தச் சனிக்கிழமை.

வருடக் கடைசியில் பட்டமளிப்பு விழா. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கறுப்பு அங்கி, தலையில் சதுரத் தொப்பி, கையில் சுருட்டிய காகிதம். இது இல்லாவிட்டால் பெற்றோர்கள் அடுத்த வருடம் வேறு மையம் பார்த்துவிடுவார்கள். அன்று ஒத்திகை. மலருக்குத் தொப்பி பெரிதாக இருந்தது. கண்ணுக்கு மேல் சரிந்து விழும்போதெல்லாம் அவள் சிரித்தாள். அவள் சிரித்தால் மற்ற பத்துப் பேரும் சிரித்தார்கள். ஒரு வருடத்து அமைதி ஒரு தொப்பியில் கலைந்துகொண்டிருந்தது.

பகல் ஒரு மணிக்குள் வேன் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மலரை எப்போதும் அம்மாவே வந்து அழைத்துப் போவதால் வேன்காரர் அவளைத் தேடவில்லை. பங்சாரில் விழா மண்டபம் பார்க்க நேரமாகிவிட்டது என்று டீச்சர் கீழ்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினாள். அவள் மறந்துபோனாள் என்று நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். அடித்துவிடுங்கள். அவள் மறக்கவில்லை. மலர் அம்மாவோடு போய்விட்டதாக நான்தான் அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டு மலரை ஸ்டோர் அறைக்குள் விட்டு, தாழ்ப்பாளைப் போட்டேன். அப்புறம் போய் வடை சாப்பிட்டேன். வடை ஆறியிருந்தது.

ஒத்திகை மூன்றரைக்கு முடியும் என்று நினைத்திருந்த அமுதவள்ளி அந்த நேரத்துக்கு வந்து கீழ்க் கதவைத் தட்டினார். டீச்சருக்குப் போன் போட்டார். "என் பிள்ளை எங்க டீச்சர்?" என்று கேட்டார். பங்சாரிலிருந்து லோகேஸ்வரி ஒரு காலில் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். மயில் எதுவும் எடுக்கவில்லை, வழியில் அறுந்துவிட்டது. கதவைத் திறந்தபோது மலர் அங்கியும் தொப்பியுமாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

இரண்டே முக்கால் மணி நேரம். ஒரு பிள்ளை மலாயில் நூறு எண்ண இரண்டு நிமிடம் ஆகும். எண்பது தடவைக்கு மேல் வருகிறது. எண்ணி முடித்தால் கதவு திறக்கும் என்று சொல்லியிருந்ததால் அவள் நிறுத்தியிருக்கமாட்டாள். இந்தக் கணக்கை நான் தினமும் போட்டுப் பார்க்கிறேன். குறைய மாட்டேன் என்கிறது.

அன்று நான் ஊரிலேயே இல்லை என்று நீங்கள் ஒரு காகிதத்தை நீட்டினீர்கள். கிள்ளானில் ஒரு கண் மருத்துவமனையில் காலை பதினொன்றிலிருந்து மாலை ஐந்து வரை சின்னையா என்பவர் இடது கண்ணில் புரை அறுவை சிகிச்சைக்காகத் தங்கியிருந்ததாக அதில் இருக்கிறது. காகிதம் சரிதான். ஆள்தான் நான் இல்லை. என் பழைய சிநேகிதன் தம்புசாமி. இருவரும் ஒரே சாயல். என் அடையாள அட்டையைக் கொடுத்து அனுப்பினேன். அவன் கண்ணை அறுத்தார்கள். தம்புசாமியைக் கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம்தான். போன மாதம் செத்துப்போனான். கடைசி நாள்களில் பார்வை அருமையாக இருந்ததாக அவன் வீட்டில் சொன்னார்கள். என் இடது கண்ணும் அதே வாரத்தில் தெளிந்துவிட்டது. நல்ல சிநேகிதம் என்றால் அப்படித்தான் இருக்கும்.

மலர் ஆறு வாரமாக யாரோடும் பேசுவதில்லை என்று சொன்னீர்கள். வீட்டிலும் இல்லையாம். டிவி ஓடுகிறது, அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். மற்ற பிள்ளைகள் வாயால் பொய் சொன்னார்கள். அவள் வாயைத் திறக்காமலே சொல்லுகிறாள். முப்பத்தோரு வருட அனுபவத்தில் எனக்கே கைவராத வித்தை. பதினொரு பேரில் அவள்தான் முதல் மாணவி. அமுதவள்ளியிடம் இதை இப்படியே சொல்ல வேண்டாம்.

விட்டுப்போனவை இரண்டு இருக்கின்றன. அவற்றையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்று, தாழ்ப்பாள். ஸ்டோர் அறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் பொருத்தியது நான்தான். மையம் தொடங்கிய நான்காவது மாதம். அதுவரை அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. நாலு ஸ்குரூ. லோகேஸ்வரி பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தாள். துடைப்பம் வைக்கிற அறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கொஞ்சம் கீழே இறக்கிப் போடட்டுமா என்று மட்டும் கேட்டேன். வேண்டாம், பிள்ளைங்களுக்கு எட்டக் கூடாது என்றாள். எட்டாத உயரத்தில் போட்டுக் கொடுத்தேன்.

இன்னொன்று, ரேடியோ. நடைகூடத்தில் நாற்காலிக்கு அடியில் ஒரு ரேடியோ வைத்திருந்தேன். அபாக்கஸ் வகுப்பு நடக்கும்போது சில நாள் அதன் சத்தத்தைக் கூட்டி வைப்பேன். பழைய பாட்டு என்றால் எனக்கு உயிர். வேறு காரணம் எதுவுமில்லை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்குத் தலைவலி வரும்.

ஆக, நான்தான் செய்தேன். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிக்கொடுத்ததும், மலரைப் பூட்டியதும், கதவைக் கீறியதும் நான். நாளைக் காலை நீதிமன்றத்தில் என்னை நிறுத்துங்கள். பதினொரு பிள்ளைகளும் பொய் சொன்னவர்கள் என்று தீர்ப்பானால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வளர்ந்தால் மறந்துவிடுவார்கள். லோகேஸ்வரியை இன்றே வெளியே விட்டுவிடுங்கள். திங்கட்கிழமையிலிருந்து உள்ளே இருக்கிறாள். லாக்கப் சாப்பாட்டில் கருவாடு போடுகிறார்களாம். சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கருவாடு ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடித்துவிடும் என்று யாரோ சொல்லக் கேள்விப்பட்டேன்.

தே ஓ முடிந்துவிட்டது. அடியில் சீனி நிற்கிறது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். படிவத்தின் கடைசிக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது, அதை நிரப்பாவிட்டால் வாங்கமாட்டார்கள் என்று வெளியே உட்கார்ந்திருக்கும் கான்ஸ்டபிள் சொல்கிறார். காவலில் உள்ளவரின் பெயரை அடையாள அட்டையில் இருக்கிறபடி எழுத வேண்டுமாம். எழுதிவிட்டேன்.

லோகேஸ்வரி, தகப்பன் பெயர் சின்னையா. அந்தச் சின்னையா நான்தான்.